மலையைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது

கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை மூடிவிட வேண்டும், அதன் கல்லூரிகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட வேண்டும், சேர்த்து உருவாகும் பெரிய பல்கலைக்கழகத்தை வலுவான துணைவேந்தர் ஒருவர் கையில் பத்தாண்டு ஒப்படைக்க வேண்டும். உயர்கல்விச் சீர்திருத்தம் பற்றிய கூட்டங்களில் இந்த வாதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். அண்மையில் இதை விரிவாக முன்வைத்தவர் நிர்வாகத்தில் நீண்ட காலம் இருந்தவர். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. வாதம் தேவை. ஏனென்றால் அது அடியோடு தவறான வாதம் மட்டுமில்லை, ஆபத்தான வாதமும்கூட. தவறு செய்தவர்களை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர்களைத் தண்டிக்கச் சொல்கிறது.

அவர் முதலில் எடுத்துக்கொள்வது மலையை. ஏழாயிரம் அடி உயரத்தில், குளிரிலும் மூடுபனியிலும், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப்போய்ப் பல்கலைக்கழகம் நடத்துவது 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவு என்கிறார். நல்ல ஆசிரியர்கள் அங்கே தங்க மாட்டார்களாம். நல்ல ஆராய்ச்சி அங்கே நடக்காதாம்.

இதைச் சொல்பவருக்குக் கொடைக்கானலின் வரலாறு ஒரு வரிகூடத் தெரியவில்லை. 1876, 77-இல் தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய ஒரு சூரிய ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் பழனி மலையைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் ஆய்வகம் தொடங்கியபோது வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலை முடிந்திருக்கவில்லை. அது முழுமையடைய 1914 ஆயிற்று. சாமான்கள் ஆள் சுமையாகத்தான் மேலே ஏறின. 1907-இல் ஜான் ஈவர்ஷெட் வந்தார். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை நிறமாலையில் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் இன்றும் அது ஈவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. அவருடைய மனைவி மேரி ஈவர்ஷெட்டும் வானியலாளர். இருவரும் சேர்ந்து சூரியத் தீப்பிழம்புகள் பற்றி எழுதிய ஆய்வேடு 1917-இல் ஆய்வகத்தின் வெளியீடாகவே வந்தது. சம்பளமோ பதவியோ இல்லாமல் ஒரு பெண் உலகத் தரமான ஆய்வு செய்த மலை அது. அந்த மலையில் பெண்கள் சம்பளத்தோடும் பதவியோடும் ஆய்வு செய்ய ஒரு நிறுவனம் வந்ததைத்தான் இவர் உணர்ச்சிவசம் என்கிறார்.

இங்கே அவர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். வானியலாளர் வைணு பாப்பு கொடைக்கானலை விட்டுக் காவலூருக்குப் போகவில்லையா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதிலும் அதிலேயே இருக்கிறது. 1960-இல் பாப்பு கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 32. இரவு வானத்தைப் பார்க்கப் பழனி மலையின் மேகம் உதவாது என்று அவருக்குத் தெரிந்தது. அதற்காகக் கொடைக்கானலை இழுத்து மூடவில்லை. ஜவ்வாது மலையில் பொருத்தமான இடம் தேடி, 1968-இல் சிறிய தொலைநோக்கி ஒன்றோடு காவலூர் ஆய்வகத்தைத் தொடங்கினார். 1971-இல் இரண்டையும் உள்ளடக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாயிற்று. பாப்பு 1982-இல் இறந்தார். அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் இயங்கத் தொடங்கியது, அவர் பெயரோடு. இதற்கெல்லாம் நடுவே கொடைக்கானலில் சூரியனைப் படமெடுப்பது நிற்கவில்லை. அங்கே 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது. கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடி சூரிய ஒளியை வாங்கிக் கீழே அனுப்ப, அந்த இருட்டுக்குள் சூரியனின் உருவம் தட்டு அளவில் வந்து விழுகிறது. நூறாண்டுக்கும் மேலாக அந்த மலையில் சேர்ந்திருக்கும் சூரியப் படங்களின் தொகுப்பை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் இன்று கணினியில் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பொது நிறுவனத்தைப் பல ஆண்டுகள் பொறுமையாக மாற்றுவது எப்படி என்பதற்கு, இவர் மூடச் சொல்லும் பல்கலைக்கழகத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே சான்று இருக்கிறது. ஒரு நிறுவனத்தை அழிக்காமல் அதன் பணியை விரிப்பது என்றால் இதுதான்.

ஆகவே மலை காரணமில்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை இவர் தொடவே இல்லை. தொட்டால் தன் காலத்து நிர்வாகத்தையே கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகம் மெச்சத்தக்க நிலையில் இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. 1984-இல் அது தொடங்கியபோது பெண்கள் பற்றிய ஆய்வு, ஆலோசனை, பயிற்சி ஆகியவைதான் அதன் முதல் வேலை. பட்டப்படிப்புகள் பின்னால் வந்தன. திண்டுக்கல் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரி, பழனி பழனியாண்டவர் மகளிர் கல்லூரி, பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி போன்றவை அதன் கீழ் வந்தன. பணி பெருகிய அளவுக்கு ஆளும் பணமும் பெருகவில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியரின் இடம் காலியாகவே கிடப்பதும், தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டுவதும், தணிக்கைத் தடை ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்வதும் கொடைக்கானலுக்கு மட்டும் வந்த நோயா? 1857-இல் தொடங்கி இன்று கடற்கரைக்கு எதிரே இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் என்ன நடக்கிறது? அங்கே மலையும் இல்லை, மூடுபனியும் இல்லை. 2024-இல் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. துறைக்குத் துறை ஆசிரியர் இடங்கள் காலி. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு அந்த நாற்காலிக்கும் ஆள் வரவில்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலேயே காலியாகிவிட்டது. சமவெளியில், ரயிலும் விமானமும் வந்துபோகும் நகரங்களில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் இந்த நிலையில் இருக்கும்போது, கொடைக்கானலின் பலவீனத்துக்கு அதன் உயரத்தைக் காரணம் காட்டுவது நேர்மையற்ற பேச்சு.

இவர் சேர்க்கச் சொல்லும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போய், ஊழியர்களும் ஓய்வூதியர்களும் பல்கலைக்கழக வளாகத்திலேயே போராடியதை மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கடனில் தத்தளிக்கும் அண்ணன் வீட்டில் தங்கையையும் கொண்டுபோய்விட்டு, இரண்டு பேர் கஷ்டமும் தீர்ந்தது என்று கணக்கு முடிப்பது போன்றது இந்த யோசனை. இரண்டு பற்றாக்குறை வரவு செலவுத் திட்டங்களைக் கூட்டினால் பெரிய பற்றாக்குறைதான் வரும். இந்தக் கணக்கை நிர்வாகத்தில் இருந்தவர் போடவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சேர்ப்புக்கு முன்னுதாரணம் என்று அவர் காட்டுவது விழுப்புரத்தை. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் பல்கலைக்கழகம் அமைக்க 2021 பிப்ரவரியில் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது. ஆறு மாதக் குழந்தையாக இருந்த அமைப்பையும் நாற்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும் பல்கலைக்கழகத்தையும் ஒரே தராசில் வைக்கிறார். அவர் சொல்லாமல் விட்ட முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தை 2007 முதல் திருச்சி, கோவை, திருநெல்வேலி, மதுரை என்று பிரித்தார்கள். 2012-இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். பலகை மாறியது, முத்திரை மாறியது, மாணவர் கையிலிருந்த சான்றிதழில் இருந்த பெயர் மாறியது. வகுப்பறையில் என்ன மாறியது? பிரித்தபோது சீர்திருத்தம் என்றார்கள், சேர்த்தபோதும் சீர்திருத்தம் என்றார்கள். இந்த விளையாட்டை மீண்டும் ஆட இவருக்கு யார் அனுமதி கொடுத்தது?

உண்மையான சீர்திருத்தம் தமிழ்நாட்டிலேயே நடந்த இடம் ஒன்று உண்டு. சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 12,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள். பணம் தீர்ந்து சம்பளம் கொடுக்க முடியாத நிலை வந்தது. 2013-இல் அரசு சட்டம் இயற்றி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மூடவில்லை. உபரி ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். அந்த வேலை வலி மிகுந்தது. ஊரைவிட்டு ஊர் மாற்றப்பட்ட குடும்பங்களின் துயரம் இன்னும் ஆறவில்லை. பத்தாண்டு தாண்டியும் நிதிச் சுமை முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் பல்கலைக்கழகம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு ஆட்சி தொடங்கியதை அடுத்த ஆட்சியும் தூக்கிச் சுமந்ததால்தான் அது நடந்தது. கொடைக்கானல் பல்கலைக்கழகம் அண்ணாமலையின் ஒரு துறை அளவுகூட அரசுக்குச் சுமையாக முடியாது. பெரிய சுமையைத் தாங்க முடிந்த அரசுக்குச் சிறிய சுமை முடியாது என்பது பணப் பிரச்சினையே இல்லை. மனமில்லாத பிரச்சினை.

இனி அந்த வலுவான துணைவேந்தர். இவருடைய வாதத்தின் உயிர்நாடி இதுதான். ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தாரே, அப்படி ஒருவரைக் கொண்டுவாருங்கள் என்கிறார். முதலியாரின் சாதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குள் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்பட்டன, செனட்டும் சிண்டிகேட்டும் வாதம் நடக்கும் இடங்களாக இருந்தன. அந்த அடித்தளத்தின் மேல் நின்றார் அவர். அடித்தளத்தை உடைத்துவிட்டு மேலே ஒரு மாமனிதரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2018 பிப்ரவரியில், ஆசிரியர் நியமனத்துக்கு லஞ்சம் வாங்கிய குற்றச்சாட்டில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அதே ஆண்டு ஜூனில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனி மனிதர் கையில் எல்லா அதிகாரத்தையும் குவித்து, கேட்க ஆளில்லாமல் செய்தால் வருவது சீர்திருத்தம் இல்லை.

அப்படி ஒருவர் கிடைத்தாலும் அவரை யார் நியமிப்பது? 2022 ஏப்ரலில் சட்டமன்றம் துணைவேந்தர்களை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒப்புதல் கிடைத்ததாகக் கருத முடியாது என்று சொன்னது. இத்தனை ஆண்டு இழுபறியில் பல்கலைக்கழகங்களை நடத்தியவை ஒருங்கிணைப்புக் குழுக்கள். கோப்பில் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது, ஐந்தாண்டுக்குப் பிறகு என்ன என்று யோசிக்க ஆள் இல்லை. இந்த மோதலில் என் நிலை ஒளிவுமறைவற்றது. துணைவேந்தர் நியமனம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசிடம் இருக்க வேண்டும். ஆனால் அதோடு முடிந்துவிடாது. மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஐந்து. மூன்று ஆண்டில் முதலாண்டு தணிக்கைத் தடைகளைப் புரிந்துகொள்வதில் போகிறது, கடைசியாண்டு வழியனுப்பு விழாக்களில் போகிறது. நடுவில் கிடைக்கும் ஓராண்டில் எந்தத் துறையையும் கட்டி எழுப்ப முடியாது. பத்தாண்டு சர்வாதிகாரம் கேட்பவர், ஐந்தாண்டு பதவிக்காலம், பதவி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அமைக்கப்படும் தேடல் குழு, ஆசிரியர்களும் கல்லூரிகளும் தேர்ந்தெடுத்து அனுப்பும் சிண்டிகேட் உறுப்பினர்கள் என்ற எளிய மாற்றங்களை ஏன் கேட்கவில்லை? ஓய்வூதியச் சுமையைப் பல்கலைக்கழகத்தின் தலையிலிருந்து அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை? இவற்றில் கைதட்டல் கிடைக்காது. மெதுவாக நடக்கும். யார் பெயரும் கல்வெட்டில் வராது.

ஆசிரியர்கள் பற்றி அவர் எழுதியதுதான் என்னை அதிகம் சுட்டது. மலைக்கு வர மறுக்கும் ஆசிரியர்களுக்கு அர்ப்பணிப்பு இல்லை என்கிறார். அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் பெற்று, நாற்பது வயதிலும் மே மாதச் சம்பளம் இல்லாமல் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கும் மனிதர்களிடம் அர்ப்பணிப்பு பற்றிப் பேச ஒரு முழு ஓய்வூதியக்காரருக்கு வாய் எப்படி வந்தது? நிரந்தர வேலையைக் கொடுத்துப் பாருங்கள், மலையில் என்ன, மணப்பாறையில் என்ன, வருவார்கள்.

பெண்களுக்குத் தனிப் பல்கலைக்கழகம் காலாவதியாகிவிட்டது என்பது அடுத்த வாதம். 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4. பெண்கள் ஆண்களைவிட ஒரு படி மேலேயே இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்தச் சராசரிக்குள் கூக்கல் தெரிகிறதா? கிளாவரை தெரிகிறதா? பாச்சலூரைச் சுற்றியுள்ள பளியர் குடியிருப்புகள் தெரிகின்றனவா? மேல்மலைக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு மதுரை என்பது இன்னொரு நாடு. கொடைக்கானலுக்கே நாளைக்குச் சில பேருந்துகள்தான். மாலைப் பேருந்தை விட்டால் அந்த இரவு எங்கே தங்குவது என்ற கேள்வியில்தான் பல வீடுகளில் படிப்பு நிற்கிறது. பெண்கள் மட்டும் படிக்கும் இடம், விடுதி உண்டு, சொந்த மலை என்றால் அப்பா சம்மதிக்கிறார். அந்த அப்பாவின் மனம் மாற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அது மாறும்வரை மகள் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, இவருக்கும் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயை 2022-இலிருந்து அரசு கொடுக்கிறது. அந்த ஆயிரத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சேர எட்டும் தூரத்தில் ஓர் இடம் வேண்டாமா?

அந்த மலைக்கு இந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்று கேட்டிருக்கிறார். பூம்பாறைக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக் கூரைக்குக் கீழே, அடுப்புப் புகை படும்படி பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அப்படிப் பதம் பண்ணிய மலைப்பூண்டு ஓராண்டு வரை கெடாது. காரமும் மணமும் தனி. சந்தையில் எந்த ஊர்ப் பூண்டையும் மலைப்பூண்டு என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான விண்ணப்பத்துக்குப் பின்னால் இருந்து வேலை பார்த்தது இந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை. பூண்டை ஆராய்ந்து, விவசாயிகளோடு பேசி, ஆவணங்களைத் திரட்டி, மலைக்காரர்களின் சொத்தை அவர்கள் பெயரில் எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். மதுரையில் நாகமலை அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு துறைக்கு இது தோன்றியிருக்குமா? நான் நம்பவில்லை. இன்னும் செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் கூலி பற்றி, யூகலிப்டஸும் சவுக்கும் மூடிய புல்வெளிகள் பற்றி, சுற்றுலா விடுதிகளில் வேலை பார்க்கும் இளம் பெண்களின் பாதுகாப்பு பற்றி ஆய்வுகள் மலையாகக் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. அதற்கு ஆள் கொடுங்கள் என்பதுதான் இதிலிருந்து எழும் கோரிக்கை. ஆளைப் பிடுங்குங்கள் என்பது இல்லை.

கலிபோர்னியாவில் 1960-இல் கிளார்க் கெர் தலைமையில் ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். ஆராய்ச்சிக்கு ஒரு வரிசை, பட்டப்படிப்புக்கு ஒரு வரிசை, உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் நுழையக்கூடிய சமுதாயக் கல்லூரிகளுக்கு ஒரு வரிசை என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய வேலை, உரிய பணம். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களை ஒரு முறைமையாகப் பார்த்து யாராவது இப்படி வேலை பிரித்திருக்கிறார்களா? எல்லோரும் எல்லாப் படிப்பையும் நடத்துகிறார்கள், எல்லோரும் தொலைநிலைக் கட்டணத்தை நம்பிப் பிழைக்கப் பார்த்தார்கள், அது வற்றியதும் எல்லோரும் திணறுகிறார்கள். மலை, பழங்குடி, பெண்கள் என்ற தெளிவான வேலையைக் கொடைக்கானலுக்குக் கொடுத்து, அதற்கேற்ற நல்கையைச் சட்டத்திலேயே எழுதி வைப்பது சிந்திக்கத் தெரிந்த நிர்வாகி செய்யும் காரியம்.

கடைசியாக, அவர் சொல்லாமல் விட்ட ஒன்று. பல்கலைக்கழகத்தை மூடினால் அட்டுவம்பட்டியில் இருக்கும் நிலமும் கட்டடங்களும் என்ன ஆகும்? கொடைக்கானலில் சும்மா கிடக்கும் நிலம் சும்மா இருந்ததில்லை. விதியை மீறி ஏழு மாடி எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு நீதிமன்றம்வரை போய் நாடே பார்த்தது. பல்கலைக்கழகம் வந்த அதே எண்பதுகளில் இந்த மலைக்கு வந்த வெப்பமானித் தொழிற்சாலை, சோலையில் பாதரசத்தைக் கொட்டிவிட்டு 2001-இல் மூடப்பட்டது. அதன் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்கு 2016 வரை காத்திருந்தார்கள். வண்டி நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டிகள் மலையேற முடியாது என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. இந்த மலையில் பொதுமக்களுக்கென்று மிஞ்சியிருக்கும் நிலத்தில் பெண் பிள்ளைகள் படிக்கும் வளாகம் ஒன்று. அதைக் காலி செய்யச் சொல்பவர், காலி செய்த பிறகு அங்கே யார் வந்து குடியேறுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.